தறிக் கண்ணாடி பார்க்கப் போன கதை

ஆரணிக்குப் போகிறேன் என்று மலேசியாவில், ஈப்போவில் எங்கள் அலுவலகத்தில் சொன்னதும், "எனக்கு ஒரு பட்டுச்சேலை, இளம் பச்சையில்" என்றுதான் மேலதிகாரி முதலில் சொன்னார். எதற்குப் போகிறாய் என்று அப்புறம்தான் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவிப் பிரிவில் வேலை பார்ப்பவள். பேராசிரியர்கள் உலகம் சுற்றுவார்கள். அவர்களுக்கு டிக்கெட் எடுப்பது, அனுமதி வாங்குவது, அறிக்கையைத் திருத்துவது எல்லாம் நாங்கள். எங்களை யாரும் எங்கேயும் அனுப்பியது கிடையாது. ஆராய்ச்சி அவர்களுடையது, நாங்கள் ஃபைல் தூக்குகிறவர்கள் என்பது ஊர் நினைப்பு. எனக்கு மட்டும் அந்த நினைப்பு ஒரு நாளும் இருந்ததில்லை.

இந்தத் தடவை என்னை அனுப்பாமல் வழியில்லை. எங்கள் கண் ஆராய்ச்சியாளர் டாக்டர் லிம், ஆரணி பட்டு நெசவாளர்களுக்கென்று ஒரு கண்ணாடி செய்திருந்தார். நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் கடையில் வாங்குகிற கண்ணாடி பேப்பர் படிக்கிற தூரத்துக்கு. தறியில் துணி அதைவிடத் தள்ளி இருக்கும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெய்தால் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் லிம் என்ன செய்தார் என்றால், ஒவ்வொருவரையும் அவரவர் தறியிலேயே உட்காரவைத்து, கண்ணுக்கும் துணிக்கும் இடையிலான தூரத்தை அளக்கச் செய்து, அதற்கேற்ற கண்ணாடி கொடுத்தார். போட ஒன்று, மாற்றுக்கு ஒன்று.

நல்ல கட்டுரையாக வெளிவந்தது, கைதட்டினார்கள். மானியக் குழு மட்டும் கைதட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டது. "கொடுத்த கண்ணாடியை அவர்கள் உண்மையில் போடுகிறார்களா? ஆதாரம் காட்டுங்கள். காட்டினால் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் கொடுக்கப் பணம் தருகிறோம். இல்லையென்றால் இத்தோடு சரி."

டாக்டர் லிம்முக்குத் தமிழ் தெரியாது. "ஈஸ்வரி, நீ போய் வா. என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வார்கள்" என்றார். தலை நிமிர்ந்து சரி என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆதாரத்தை எப்படி எடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

முதல் நாள். எங்கள் ஊர்க்காரர்கள் தமிழ்நாட்டுக்குப் போனால் பூர்வீகம் தேடுவார்கள். எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது, எனக்கு வேண்டியது ஆதாரம். ஆரணி பேருந்து நிலையத்தில் சுமதி ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். எங்கள் திட்டத்துக்காக அங்கே வேலை செய்கிற பெண், நெசவுக் குடும்பத்து மருமகள். வீடு வீடாக டேப் பிடித்துத் தூரம் அளந்தது அவள்தான். என் பெரிய பெட்டியைக் கால் வைக்கிற இடத்தில் திணித்து, தன் கால்களை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஈப்போவில் போலீஸ்காரன் பார்த்திருந்தால் இரண்டு பேரையும் அங்கேயே இறக்கியிருப்பான். இங்கே ஒரு போலீஸ்காரர் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"பசியாறினீங்களா என்று கேட்கவே மாட்டாயா?" என்றேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் அதுதான் முதல் பேச்சு.

"டிபன்தானுங்க மேடம்? வாங்க, வடகறி துன்னு பாருங்க, அப்பால பேசுங்க" என்று சிரித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது. இட்லிக்கு அந்த வடகறி வந்த வேகத்தில் போய்விட்டது. டீ விஷயத்தில்தான் சங்கடம். எங்கள் ஊரில் தே தாரிக் கேட்டால் ஒரு பெரிய குவளை வரும், உட்கார்ந்து ஊர்க்கதை பேசி முடிக்கலாம். இங்கே வந்ததை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மிச்சம் எங்கே என்று பார்த்தேன். டீ மாஸ்டர் பரிதாபப்பட்டு இன்னொன்று ஊற்றினார்.

"எல்லார் கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன் மேடம். நாளைக்கு பாருங்க, சோக்கா இருக்கும்" என்றாள் சுமதி.

இரண்டாம் நாள். உண்மையிலேயே சோக்காகத்தான் இருந்தது. தெருவெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். முதல் வீடு காஞ்சனாவுடையது. பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி வாசலில் நின்றாள். அவள் கணவர் ஏழுமலை இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். உள்ளே தறியின் மேல் ஒரு சுத்தமான வேட்டியை விரித்து மூடியிருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி, கையில் ஒரு கலர் சோடா பாட்டிலைக் கொடுத்தார்கள்.

"கண்ணாடியைப் பார்க்கலாமா?" என்றேன்.

காஞ்சனா தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தாள். பக்கத்தில் கல்கண்டு. பெட்டியைத் திறந்தேன். லென்ஸில் ஒரு கைரேகை கிடையாது. காதுக் கம்பியில் கடை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"போட்டுக்கறீங்களா காஞ்சனா?"

"ஐயோ, டெய்லி மேடம்! அது இல்லன்னா எனக்கு கையும் ஓடாது, காலும் ஓடாது."

"சூப்பரா கீதுங்க, ஒரு குறையும் இல்ல" என்றார் ஏழுமலை.

நான் அந்தப் பிளாஸ்டிக் உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை இரண்டும். ஆனால் உறை இருக்கிறதே!

அடுத்த வீட்டிலும் அதே பெட்டி, அதே உறை. அதற்கு அடுத்த வீட்டிலும் அப்படியே. போன வீட்டிலெல்லாம் தறி மூடிக் கிடந்தது, எல்லாரும் புதுத்துணியில் இருந்தார்கள், எல்லாருக்கும் சூப்பர். மத்தியானத்துக்குள் என் வயிற்றில் ஏகப்பட்ட கலர், கைப்பேசியில் ஏகப்பட்ட படங்கள். ஒரு படத்தில்கூட ஒருத்தர் முகத்திலும் கண்ணாடி இல்லை. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் குழு என்ன சொல்லும்? பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, சந்தோஷம், போய் வாருங்கள் என்று சொல்லும்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது தேவகி. காஞ்சனாவின் தங்கை, போளூர்ப் பக்கத்துக் கிராமம், நான் வருவது தெரிந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் நெசவாளிதான். ஜரிகை இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியவில்லை, சேலையில் குறை விழுகிறது, முதலாளி தறியில் ஏற்றி நெய்கிற பாவு நூலைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். தறி வீட்டில் சும்மா நிற்கிறதாம்.

"எங்க ஊருக்கு எப்ப மேடம் வரும்? அக்காவுக்கு அளந்த மாதிரி என்னியும் அளந்தா நானும் குந்திடுவேன் தறில" என்றாள்.

நான் கையிலிருந்த கலரைக் குடித்தேன். உறை விஷயத்தைச் சுமதியிடம் கேட்கவில்லை. பாவம், அத்தனை பெருமையாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் டாக்டர் லிம் எப்படிப் போகிறது என்று செய்தி அனுப்பினார். நான் வடகறி படத்தை அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மனசே சரியில்லை. படவேட்டு அம்மனையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாகக் கிளம்பினேன். போகும்போது மலையடிவாரம், வாழைத்தோப்பு, நல்ல காற்று. தரிசனமும் நன்றாகவே ஆயிற்று. என் வேண்டுதலை அம்மனுக்கு மலேசியத் தமிழில்தான் சொன்னேன், புரிந்திருக்கும். திரும்புவதற்குத்தான் பஸ் கிடையாது. காத்திருந்து காத்திருந்து ஒன்று வந்தபோது, அன்று பிரயாணம் செய்ய நினைத்த அத்தனை பேரும் அதில்தான் இருந்தார்கள்.

"உள்ள போங்க, உள்ள போங்க, பஸ்ஸு காலியாதான் கீது!" என்று கண்டக்டர் கத்தினார். மூச்சு விட இடமில்லை, எப்படியோ ஒரு சீட்டு ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன்.

ஒருவர் வேர்க்கடலை மூட்டையைத் தூக்கி என் மடியில் இருந்த கைப்பையின் மேலேயே வைத்தார். "கொஞ்சம் புடிச்சிக்கோம்மா" என்றார். பிடித்துக்கொண்டேன். பைக்குள்ளே 'சடக்' என்றது. நான் படிக்கப் போடுகிற மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் போயிற்று. அவர் ரொம்ப வருத்தப்பட்டு ஒரு பிடி வேர்க்கடலை கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் தோலுரித்துச் சாப்பிட்டுக்கொண்டே ஆரணி வந்து சேர்ந்தேன்.

கடைத்தெருவில் ரஹீம் பாயின் சின்ன மூக்குக் கண்ணாடிக் கடை. உடைந்ததை நீட்டினேன்.

"கொஞ்சம் குந்துங்கம்மா. தோ, தறிக் கண்ணாடி ரெண்டு கீது, அத்த முடிச்சிட்டு உங்களுது. தறிய நிறுத்திட்டு வந்துருப்பாங்க, ஜல்தி குடுக்கலன்னா பேஜார் பண்ணுவாங்க."

"என்ன கண்ணாடி பாய்?"

"தறிக் கண்ணாடி" என்று ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார்.

குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். எங்கள் கண்ணாடிகள்! ஃப்ரேமைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் என்ன கோலம் அது! ஒன்றில் காதுக்கம்பி இரண்டையும் அரக்கு நிறப் பட்டுநூலால் பின்பக்கமாக இணைத்துக் கட்டியிருந்தது. இன்னொன்றில் மூக்கு மேல் உட்காருகிற இடத்தில் துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் வரிந்திருந்தது. கம்பி வளைந்து, ஓரமெல்லாம் தேய்ந்து, வேர்வை பட்டுப் பட்டு நிறமே வெளுத்துப் போயிருந்தது.

"யாரோ வெளிநாட்டு டாக்டராம், பேர் தெரியல. நல்ல கண்ணாடிதாம்மா. ஆனா வேர்த்தா மூக்குல நிக்காது, வழுக்கிகினு போவும். குனிஞ்சா பாவு மேல வுழும். அதான் நூல் கட்டிகினு மாட்டிக்கிறாங்க. தெனம் ஒண்ணாவது ரிப்பேருக்கு வந்துடும்."

தினமா! போடாத கண்ணாடி எப்படி உடையும்? அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வேகமாகப் படியேறி வந்தாள். பழைய நூல்சேலை, தலைமுடியிலெல்லாம் நூல் துணுக்கு.

"பாய், ஆச்சா? பூ புட்டா பாதில நிக்குது அங்க!"

குரல் தெரிந்தது. முகத்தைப் பார்த்தேன். காஞ்சனா! என்னைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, மேடம்!"

"காஞ்சனா, இது யாருடையது?" என்று அரக்கு நூல் கட்டியதை எடுத்துக் காட்டினேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "என்னுதுதான் மேடம். மன்னிச்சிக்குங்க. ரெண்டு குடுத்தீங்க இல்ல? மாத்துக் கண்ணாடிய நான் பிரிக்கவே இல்ல, பத்திரமா வெச்சிகினு கீறேன். நீங்க கண்ணாடி பாக்க வரீங்கன்னு சுமதி சொல்லிச்சி. இத்தக் காட்டினா, குடுத்த பொருள இப்பிடி நாசம் பண்ணிட்டாங்களேன்னு புடுங்கிகினு போயிட்டா நான் இன்னா பண்றது? அதான் எல்லாரும் புதுசயே காட்டிடலாம்னு பேசிகினோம். அது இல்லாம என்னால தறில குந்த முடியாது மேடம்."

மாற்றுக் கண்ணாடி! அதை வாங்கும் உத்தரவைத் தயார் செய்ததே நான்தான். அது என் மண்டைக்கு எட்டவே இல்லை. நான் அங்கேயே சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா தாயே, யூனிவர்சிட்டியில் காட்ட எனக்கு இதுதான் வேணும்! நீ உடைச்சதுதான் வேணும்! புதுசை நீயே வெச்சுக்கோ!" என்று கத்திவிட்டேன்.

ரஹீம் பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "புதுசு வேணாமா? ஒடைஞ்சதுதான் வேணுமா? இன்னா யூனிவர்சிட்டிம்மா அது?" என்றார்.

பாய் அவளுடையதையும் என்னுடையதையும் சரிசெய்து கொடுத்ததும், காஞ்சனாவோடு அப்படியே அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் நுழையும்போதே வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். நேற்று இதே தெரு கோயில் மாதிரி அமைதியாக இருந்தது, எனக்காக எல்லாரும் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள்! வீட்டுக்குள் போனதும் அவள் நாற்காலி எடுக்கப் போனாள்.

"நாற்காலி வேண்டாம், கலர் வேண்டாம். நீ போய் உட்கார்ந்து நெய்" என்றேன்.

"ஆளு வந்து குந்திகினு இருக்கறப்ப நான் தறி ஓட்டிகினு இருந்தா மரியாதையா இருக்குமா யக்கா?" மேடம் எப்போது யக்கா ஆனது என்று அவளுக்கே தெரியாது.

"தறியை நிறுத்தினால் நான் கிளம்பிப் போய்விடுவேன்."

தயங்கித் தயங்கித் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள். நூலைத் தலைக்கு மேலாக மாட்டி, கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். ஊடை நூலோடு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டாள். ஒரு ஜரிகை இழை அறுந்தது. அவள் கழுத்தை நீட்டவில்லை, முகத்தைத் துணி மேல் கொண்டுபோகவில்லை. இருந்த இடத்தில் நிமிர்ந்தபடியே விரலால் தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டினாள். டாக்டர் லிம் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தான். நான் கைப்பேசியில் படம் பிடித்தேன். அவசரத்தில் முதல் தடவை சுவரைத்தான் பிடித்திருந்தேன்.

நான்காம் நாள் காலையில் சுமதியோடு சண்டை. "உனக்கு இது தெரியுமா தெரியாதா?"

"தெரியுங்க மேடம். கெட்டுப்போனதக் காட்டினா எங்க மேலதான தப்பு வரும்? நீங்க ஆபீசுல இருந்து வந்திருக்கீங்க. ஆபீசுக்காரங்க கிட்ட யாராச்சும் கட்டுப்போட்டதக் காட்டுவாங்களா?"

அவள் கேட்டதும் நியாயம்தான். பார்க்க வருகிறார்கள் என்றால் சரிபார்க்க வருகிறார்கள் என்றுதானே அர்த்தம்? நாங்களும் ஈப்போவில் தணிக்கைக்காரர்கள் வந்தால் உடைந்த நாற்காலியை ஸ்டோர் ரூமில் ஒளித்துவைப்போம். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உட்கார்ந்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பினோம். கண்ணாடியை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள், சத்தியம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாய் கடைக்கு வாங்க. தறியில் போடுவதை, எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொண்டு வாங்க.

வந்தார்களே! பாய் கடை வாசலில் நிற்க இடமில்லை. கழுத்தில் தொங்குகிறது, தலையில் ஏற்றிவைத்தது, மடியில் முடிந்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கிளிப்பச்சை நூல், மாம்பழ நிற நூல், ஜரிகைகூட ஒருவர் கட்டியிருந்தார். முந்தாநாள் சூப்பர் என்று சொன்ன ஏழுமலை இன்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மூக்க அறுக்குதுங்க மேடம். யாரு செஞ்சது இத்த? அவர ஒரு நாள் தறில குந்தி வேர்வைல நெய்யச் சொல்லுங்க, அப்பால தெரியும்!"

"அப்படியானால் கழற்றி வைத்துவிட வேண்டியதுதானே?"

"இன்னா பேசுறீங்க? இது இல்லாம எப்பிடி நெய்யறது?"

அவர் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே டாக்டர் லிம்மை வீடியோவில் அழைத்து, திட்டியதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் கோபப்படவில்லை. "கயிறு! ஏன் எனக்குக் கயிறு தோன்றவில்லை? கேள், இன்னும் கேள்" என்று பரபரத்தார். அடுத்து செய்யும் கண்ணாடிகள் கயிற்றோடும், மூக்கில் மெத்தையோடும் வர வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. பாய் பெரிய மனுஷனாக, "கம்பிய இங்க கொஞ்சம் வளைக்கணும், சொல்லுங்க அவங்க கிட்ட" என்று நடுவில் நுழைந்தார். அதையும் சொன்னேன்.

ஒன்றை வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன். கண்ணாடியைக் கண்டுபிடித்தது டாக்டர் லிம். அது தறிக்கு வந்து சேர்ந்ததா என்று கண்டுபிடித்தது நானும் சுமதியும். கடிதம் அடிக்கிறவள், டேப் பிடிக்கிறவள் என்று எங்களைச் சொல்லிக்கொள்ளட்டும். அறையில் அச்சாகிக் கிடந்ததை ஆள் முகத்தில் பார்த்து, அங்கே வந்த குறையைத் திரும்ப அறைக்குக் கொண்டுபோனது நாங்கள்தான். அன்று பாய் கடைப் படியில் உட்கார்ந்து ஆரணி பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டபோது எனக்கு இருந்த பெருமை, எந்தப் பேராசிரியருக்கும் பட்டமளிப்பு அன்றுகூட இருந்திருக்காது.

ஐந்தாம் நாள் சுமதி வீட்டுக் கூடத்திலிருந்து மானியக் குழுவோடு வீடியோவில் பேசினேன். காஞ்சனா நெய்கிற படத்தைப் போட்டேன். பிறகு பாய் கடைத் தட்டைக் காட்டினேன்.

குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். "இவை எல்லாம் சேதமாகி இருக்கின்றனவே?"

"ஆமாம். பெட்டியில் இருந்திருந்தால் சேதமாகியிருக்காது."

இன்னொருவர் கேட்டார். "நம் பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே மக்களுக்குத் தெரிகிறதா?"

பக்கத்தில் சுமதி என் முழங்காலை அழுத்தினாள், தெரியும் என்று சொல் என்பது போல. "தெரியாது" என்றேன். "தறிக் கண்ணாடி என்று சொன்னால் மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரை நாங்கள் வைக்கவில்லை. அவர்களே வைத்துக்கொண்டார்கள்."

அப்புறம் தலைவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முடிவை எழுதி அனுப்புகிறோம்" என்றார். அவ்வளவுதான். சுமதி என்னைவிட அதிகமாக நகத்தைக் கடித்தாள்.

கிளம்பும்போது காஞ்சனா ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தாள். மிச்சப் பட்டுநூலை முறுக்கிச் செய்த அரக்குக் கயிறு. "உங்க கண்ணாடிக்கு யக்கா. இனிமே எவன் மூட்டைய வெச்சாலும் பையில போடாதீங்க, கழுத்துல மாட்டிக்குங்க." அதைப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன். மேலதிகாரியின் பச்சைச் சேலை நினைவுக்கு வந்தபோது விமானம் கடலுக்கு மேல் இருந்தது. அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குழுவின் சம்மதம் வந்தது. கயிறும் மெத்தையும் வைத்த கண்ணாடிகள் போயின. சுமதி டேப்பை எடுத்துக்கொண்டு போளூர்ப் பக்கம் கிளம்பிவிட்டாள் என்று தெரியும். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒரு தகவலும் இல்லை. நான் பழையபடி யாருக்கோ டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மத்தியானம் கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. அழுத்தினேன். பேச்சே இல்லை, தறிச்சத்தம் மட்டும். அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தவறுதலாக அனுப்பிவிட்டார்களோ என்று நினைக்கும்போது, அந்தச் சத்தத்துக்கு நடுவிலிருந்து தேவகியின் குரல் வந்தது.

"மேடம், நான்தான் தேவகி பேசுறேன். முதலாளி மறுபடி பாவு குடுத்துட்டாரு. கோச்சிக்காதீங்க, தறிய நிறுத்தல, நெய்துகினேதான் பேசுறேன். நீங்க எங்க வூட்டுக்கு வந்தாலும் நிறுத்த மாட்டேன், சொல்லிட்டேன்."